அரை அடி குறைச்சல்

கல்லூரிப் பெண்கள் ஐந்தாவது ஆட்டத்திலும் தோற்ற சாயங்காலம் ரங்கசாமி டீயை வாயில் வைக்காமலே கீழே ஊற்றினார். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்டுகிற மனுஷன் இல்லை அவர். கல்லூரி கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற ஜெயவேல் அதைப் பார்த்துவிட்டு, விஷயம் பெரிசுதான் என்று அடுப்பைக் குறைத்தார்.

"சொந்த கிரவுண்டுல, ஜெயவேலு. வெளியூர்ல தோத்தா போய்த் தொலையுதுன்னு வுட்டுடலாம். நம்ம வளையம், நம்ம தரை, நம்ம ஜனம் கத்திகினு இருக்குது, அதுல வேலூர்க்காரிங்க ஜெயிச்சிட்டுப் போறாளுங்க."

"நாலு பாயிண்டுதானே அண்ணே."

"நாலோ நாப்பதோ, தோத்தது தோத்ததுதான்."

இந்த வருஷத்துக்கு முன்னால் பதினோரு வருஷமாக அந்த மைதானத்தில் ஆரணிப் பெண்கள் கூடைப்பந்தில் தோற்றதில்லை. அங்கே நடந்த எந்த ஆட்டத்தையும் ரங்கசாமி விட்டதில்லை. வெல்டிங் பட்டறையை மகனிடம் ஒப்படைத்த பிறகு அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம் சிமெண்டுப் படிக்கட்டில் மூன்றாவது படியில் உட்கார்ந்து கத்துவதுதான். வெளியூர்ப் பெண்கள் எறிகிற பந்தெல்லாம் வளையத்தைத் தாண்டிப் பின்பலகையில் மோதித் திரும்பும். அதற்கு அவர் ஆளுக்கொரு காரணம் சொல்லுவார். கமண்டல நாகநதிக் காற்று பழகாத பந்தை மேலே தூக்கிவிடும் என்று ஒருவரிடம். ஒரு வருஷம் சென்னையிலிருந்து வந்த நெட்டைப் பெண் எறிந்த பந்து அப்படியே போய்க் களம்பூர் ரைஸ் மில்லில் விழுந்து, நெல்லோடு மூட்டையில் தைக்கப்பட்டு, லாரி ஏறிப் போய், ஓசூரில் மூட்டையைப் பிரித்தவன் அதைப் பரங்கிக்காய் என்று எண்ணி அரிவாள்மனையில் வைத்தான் என்று இன்னொருவரிடம். முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது. கேட்டவர்களில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் ஓசூரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள்.

உண்மைக் காரணம் வேறு. கம்பம் நட்டவரே ரங்கசாமிதான். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் பெண்கள் எறிந்து பார்த்தார்கள். ஒரு பந்துகூட வளையத்தை எட்டவில்லை. அப்போது புதிதாகப் பொறுப்புக்கு வந்திருந்த தாளாளர் இளவரசன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நாளைக்குப் பெரிய மனுஷர்கள் வருகிறார்கள், நாலு பந்தாவது விழவேண்டாமா என்றார். ரங்கசாமிக்கு மனசு கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல், பலகையைத் தாங்குகிற குறுக்குக் குழாயை அறுத்து, அரை அடி கீழே இறக்கிப் பற்றவைத்தார். பத்தடியில் இருக்கவேண்டிய வளையம் ஒன்பதரைக்கு வந்தது. மறுநாள் பந்து மழையாக விழுந்தது. அப்புறம் ஏற்றிவிடலாம் என்றுதான் இருந்தார். ஜெயிக்க ஆரம்பித்த பிறகு யார் ஏற்றுவார்கள்? பதினோரு வருஷம் ஆற்றுக் காற்றைக் காரணமாகச் சொல்லிச் சொல்லி, தான் செய்ததை அவரே மறந்துபோயிருந்தார்.

அதனால் இந்த வருஷத் தோல்விகளுக்கும் அவர் வெளியில்தான் காரணம் தேடினார். முதல் தோல்விக்குப் புது ஷூ. இரண்டாவதற்கு மழை. மூன்றாவது ஆட்டத்தில் நம் பெண்கள் எறிந்த பந்தெல்லாம் முன்கம்பியில் இடித்து அவர்கள் மூஞ்சிக்கே திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டு, கை சோர்ந்துபோகிற அளவுக்கு யாரோ பிள்ளைகளை வதைக்கிறார்கள் என்று முடிவுகட்டினார். யாரோ என்ன யாரோ. ஜூன் மாதம் பெரணமல்லூரிலிருந்து வந்து சேர்ந்த பயிற்சியாளர் சுபத்ராதான். அந்தம்மா வந்தாள், வெற்றி போனது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

டீயைக் கொட்டிய கையோடு மனு எழுதினார். சுபத்ராவை வேலையை விட்டு எடுக்கவேண்டும் என்று ஒரே ஒரு கோரிக்கை. முதல் கையெழுத்து அவருடையது. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் நாற்பத்துமூன்று சேர்ந்துவிட்டது. அதில் இரண்டு பேர் செத்து வருஷம் திரும்பியாகிவிட்டது என்று ஜெயவேல் காட்டினார்.

"அவங்களாலயும் தாங்க முடியல, இன்னா பண்றது" என்றார் ரங்கசாமி.

மறுநாள் காலை தாளாளர் அறையில் மனுவைக் கொடுத்தார். இளவரசனுக்குப் பஜாரில் பட்டு மாளிகை. பொங்கலுக்கு ஒரு டோர்னமெண்ட் நடத்தி, ஜெயிக்கிற தன் கல்லூரிப் பெண்களுக்குத் தன் கடைப் புடவையைத் தானே தவறாமல் பரிசளித்து, போட்டோ பிடித்து ஊரெங்கும் பேனர் வைப்பது அவர் வழக்கம். மனுவைப் படித்துவிட்டு, "எனக்கும் அந்த யோசனைதாங்க. தற்காலிக போஸ்டிங்தான். மாசக் கடைசியில அனுப்பிடலாம்" என்றார்.

ரங்கசாமி மீசையைத் தடவிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே வந்தார். படிக்கட்டிலிருந்தே பார்த்துப் பழகியவர், கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. பார்த்தார். நின்றுவிட்டார். பெயிண்டுக்கு அடியில் ஒரு வெல்டு. அவர் கைவேலை இல்லை. அதற்கு அரை அடி கீழே, அறுத்துத் தேய்த்த தழும்பு. அது அவர் கை.

பந்துகளை வலையில் கட்டிக்கொண்டிருந்த சுபத்ராவிடம் போனார்.

"யாரு கை வெச்சது இதுல?"

"நான்தாங்க ஐயா. ஜூன்ல சேவூர்லருந்து ஆள் வெச்சுப் பண்ணேன்."

"யாரக் கேட்டு?"

"டேப்பக் கேட்டு" என்றாள் சுபத்ரா. "ஒம்போதரை அடி காட்டுச்சு. ரெண்டு பக்கமும்."

ரங்கசாமி மறுபடி அண்ணாந்து அந்தத் தழும்பைப் பார்த்தார். சுபத்ராவே மேலே பேசினாள்.

"வெளியூர்ல ஆடுன மேட்ச்செல்லாம் ரெஜிஸ்டர்ல பாத்தேங்க. பதினோரு வருஷத்துல ஒண்ணுகூட ஜெயிக்கல. முப்பது, நாப்பது பாயிண்டு வித்தியாசம். இங்க ஜெயிச்சு புடவை வாங்கிகினு, அங்க போய் மூஞ்சி தொங்கிப்போயி வருவாங்களாம். இப்ப சரியான உயரத்துல கை பழகிகினு இருக்குது. ஜூலையில இருபத்தாறுல தோத்தோம். அப்புறம் பத்தொம்பது, பதினஞ்சு, ஒம்போது. நேத்து நாலு. இன்னும் ரெண்டு மேட்ச்சு பொறுத்தா எங்க போனாலும் ஆடுவாங்க."

"இத நீ யார்கிட்டயும் சொல்லலியா?"

"எப்படிங்க சொல்றது? கேப்டன் கனிமொழியோட அக்காவும் இந்த டீமுதான். அவ வாங்குன கப்பு வீட்டு ஷோகேஸ்ல இருக்குது. அது அரை அடிக்குக் கெடச்சதுன்னு அவ காதுல போடணுமா? நாலு பேர் என்னைத் திட்டிட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன்." வலையின் வாயை இறுக்கினாள். "யாரு எறக்கி வெச்சாங்களோ, நல்ல கைக்காரருங்க. அந்த ஒரு வெல்ட அறுக்கறதுக்கு சேவூர்க்காரருக்கு ஒரு நாள் ஆச்சு."

நாற்பது வருஷத் தொழிலில் அவர் வேலையைப் பார்த்து இப்படி ஒருவர் சொன்னதில்லை. கையை நீட்டி வாங்கிக்கொள்ள முடியாத இடத்தில் வந்து சேர்ந்தது அந்தப் பாராட்டு. ரங்கசாமி திரும்பி ஜல்தியாகத் தாளாளர் அறைக்கே நடந்தார்.

"சார், அந்த மனுவைக் கிழிச்சுப் போடுங்க. தப்பு அந்தம்மா மேல இல்ல. என் மேல" என்று ஆரம்பித்து, திறப்பு விழா மத்தியானத்திலிருந்து சேவூர் வெல்டு வரை ஒன்று விடாமல் சொன்னார். காற்று இல்லை, ரைஸ் மில் இல்லை, பரங்கிக்காய் இல்லை. வாழ்நாளில் இவ்வளவு சப்பென்ற கதையை அவர் சொன்னதில்லை. யார் நம்பப் போகிறார்கள் என்ற பயம் வேறு.

இளவரசன் உடனே நம்பினார். அதுதான் வினையாகப் போயிற்று.

"அட, அரை அடிதானா மேட்டரு! நான் இன்னாவோன்னு பேஜாராயிகினு இருந்தேன். எறக்கிடுங்க பழையபடி."

"சார்?"

"பொங்கல் டோர்னமெண்டுக்கு பேனர் அடிக்கக் குடுத்தாச்சுங்க. பட்டு வாங்கற பெங்களூர் பார்ட்டியெல்லாம் குடும்பத்தோட வர்றாங்க. தோத்த பொண்ணுங்களுக்குப் புடவையப் போத்தி போட்டோ எடுக்க முடியுமா?"

"வெளியூர்ல போயி அசிங்கப்படுவாங்களே சார்."

"வெளியூர்ல யாரு போயிப் பாக்கறா? நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்ததில்லை. முப்பதிலும் நாற்பதிலும் தோற்றுவிட்டு அந்தப் பெண்கள் திரும்பி வந்து இறங்கிய சாயங்காலங்களில் அவர் ஜெயவேல் கடையில் உட்கார்ந்து காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"சரி, அந்தம்மாவையாவது..."

"அதெப்படிங்க? கேக்காம கொள்ளாம காலேஜ் சாமான அறுத்து ஒட்டியிருக்காங்க. மனுல வெறும் தோல்வின்னுதான் இருந்துது. இது அதவிடப் பெரிசு. மாசக் கடைசி வரைக்கும்கூட வேணாம்." எழுந்து நின்று கைகூப்பினார். "நல்ல வேளை, வந்து சொன்னீங்க."

வெள்ளிக்கிழமை சுபத்ரா பெரணமல்லூர் பஸ் ஏறினாள். ஒரு பை, ஒரு காற்றடிக்கும் பம்பு. பம்பு அவளுடைய சொந்தப் பம்பாம். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ரங்கசாமி எழுந்து வாசல்வரை வந்தார். ஊரில் யாரைப் பார்த்தாலும் அசைக்கிற மாதிரி அவள் ஒரு தடவை தலையசைத்துவிட்டுப் போனாள். மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்று அவளுக்குக் காட்டித்தான் அனுப்பியிருந்தார்கள்.

திங்கட்கிழமை ரங்கசாமி வெல்டிங் செட்டோடு மைதானத்துக்கு வந்தார். ஏணியைப் பிடித்துக்கொள்ள அலுவலகத்திலிருந்து சரவணன் வந்திருந்தார். பெண்கள் எட்டுப் பேரும் கோட்டுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். அவர்களிடம் யாரும் எதையும் ஒளிக்கவில்லை. மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்பதும் அவர்களுக்குத் தெரியும். வளையம் இறங்கப் போகிறது, இனி ஜெயிக்கலாம் என்று காலையிலேயே சந்தோஷமாகச் சொல்லிவிட்டார்கள்.

மேலே ஏறினதும் ரங்கசாமி கீழே பார்த்து, "பொறி கண்ணுல பட்டா குருடாயிடும். எல்லாம் திரும்பிக்குங்க. ஒருத்தன் இப்படித்தான் பாத்தான், மூணு மாசம் அவனுக்குச் சோறெல்லாம் பச்சையாத் தெரிஞ்சுது" என்றார். சரவணன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

ஒன்றரை மணி நேரம். அறுக்கிற மெஷின் அலறியது. பொறி பறந்தது. இரண்டு கம்பத்திலும், சேவூர்க்காரர் போட்ட வெல்டின் மேலேயே இன்னொரு வெல்டை ஓட்டினார். குழாயை ஒரு நூலளவு நகர்த்தவில்லை. மேலே அலுமினியப் பெயிண்டு அடித்துவிட்டு இறங்கினார்.

"எறங்கிடுச்சா?" என்றார் சரவணன்.

"அரை அடி. டேப்பு கொண்டாங்க, அளந்துக்கலாம்."

"நீங்க சொன்னா சரிதாங்க. தே கனிமொழி, ஒண்ணு போட்டுக் காட்டும்மா, தாளாளருக்குச் சொல்லணும்."

கனிமொழி பந்தைத் தட்டிக்கொண்டு கோட்டுக்குள் வந்தாள். ஐந்து மாதமாகப் பழகின கை; அதே உயரத்துக்கு எறிந்தாள். வளையம் இறங்கியிருந்தால் பந்து பலகையில் மோதியிருக்கவேண்டும். கம்பியில்கூடப் படாமல் நேராக உள்ளே விழுந்தது.

அவள் வளையத்தைப் பார்த்தாள். ரங்கசாமியைப் பார்த்தாள்.

"எப்படிம்மா இருக்குது?"

"நல்லா எறங்கியிருக்குது சார்" என்றாள் கனிமொழி. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

சரவணன் போனில் பேசிக்கொண்டே அலுவலகம் பக்கம் நடந்தார். ரங்கசாமி அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தார். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த காரியத்தில் இன்னொருவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

அவள் சிரிக்கவில்லை. பந்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் காலைக் காட்டினாள்.

"செருப்போட கோட்டுக்குள்ள நிக்காதீங்க தாத்தா. மேடத்துக்குப் பிடிக்காது. வெளிய போங்க."