நான்காவது பாய்லர்

மர்பி டவுன் குஜரிக் கடை வாசலில், பழைய இரும்புக்கு நடுவே குந்தி, சரவணன் அந்தச் செம்பு பாய்லரை மூன்றாவது முறையாக அளந்தான். உயரம் இருபத்திரண்டு அங்குலம். முதல் இரண்டு முறையும் அதேதான். ஆனாலும் டேப்பே தவறாக இருந்தால்?

அவனுடைய ஹாம் ரேடியோ கிளப் ஒரு ரிப்பீட்டர் கட்டிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து வரும் மெலிந்த குரலைக் கேட்டு, அதையே உரக்கத் திருப்பிச் சொல்லும் பெட்டி. தன் கத்தலில் தன் காதே அடைத்துப்போகாமலிருக்க, நடுவில் குழாய் ஓடும் செம்பு உருளைகள் நான்கு வேண்டும், ஒரே அளவில். கீசர் வந்து வெந்நீர் பாய்லர்களை வீட்டை விட்டுத் துரத்திய காலம் என்பதால் மூன்று சுலபமாகக் கிடைத்துவிட்டன. கிளப்பில் சேர்ந்து எட்டு மாதமாகியும் ஏணி பிடிப்பதற்கு மட்டுமே அழைக்கப்பட்ட சரவணன், நான்காவதை நான் கொண்டுவருகிறேன் என்று கைதூக்கியிருந்தான். நாளை ஞாயிறு, கொண்டுபோக வேண்டிய நாள்.

“இன்னா தம்பி, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் சுத்திச் சுத்திப் பாக்குற? புடிச்சிருக்கா இல்லியா?” என்றாள் கடைக்காரி எல்லம்மா.

“புடிச்சிருக்குக்கா. ஒரு போன் பண்ணி கேட்டுட்டு வந்துடறேன். யாருக்கும் குடுத்துடாதீங்க.”

தெருமுனை காயின் போனில் கிளப் செயலாளர் தேசிகன் கிடைத்தார்.

“நடுவுல குழாய் இருக்கோன்னோ? அளவு சரியா இருக்கோன்னோ? பின்ன என்னை எதுக்குடா கேக்கறே? எடுத்துண்டு வா!”

“இல்ல சார், அடியில லேசா ஒரு நசுங்கல்...”

“சரவணா!”

திரும்பும்போதே டம் டம் என்று சத்தம் கேட்டது. எல்லம்மா சம்மட்டியைக் கீழே வைத்து வியர்வையைத் துடைத்தாள். பாய்லர் தோசையாகக் கிடந்தது.

“சைக்கிள்ல எப்பிடி எடுத்துனு போவே? அதான் உனக்கோசரம் தட்டி வெச்சேன். இனிமே சொல்ப கயிறு போதும்.”

அவள் முகத்தில் அப்படியொரு திருப்தி. பழக்கதோஷத்தில் டேப்பை எடுத்து அளந்தான். அரை அங்குலம் வளர்ந்திருந்தது.

வீட்டில் அம்மா காந்தா செம்புத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது நம்ம பாய்லர் மாதிரியே இருந்திருக்குமேடா, பாவம்.”

சரவணன் குளியலறைக்குப் போனான். மூலையில் பாய்லர் புகைந்துகொண்டிருந்தது. தினமும் அதிலிருந்துதான் அவன் குளிக்கிறான். விரல் சுடச்சுட டேப்பை வைத்தான். இருபத்திரண்டு. இரண்டாவது முறை அளக்கவில்லை.

“யாரைக் கேட்டுட்டு அளக்குற?” வாசலில் அம்மா.

“யாரையும் கேக்கலம்மா.”

காந்தா அவனையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகி, குழாய்க்குள் இன்னும் ரெண்டு சிராய் திணித்து, மணையை இழுத்துப் போட்டு பாய்லருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அவள் தலைக்கு மேலே புகை நேராக எழும்பியது.