ஆடுகள் படுத்த நூறடி

நான் மினி பஸ் ஓட்டிய உத்திரமேரூர் கிராவல் ரோடு, கூரைக்குப் போடும் சிமெண்ட் ஷீட் போல வரிவரியாக அலை எழும்பிக் கிடக்கும். வீட்டுக்குப் போன பிறகும் கை நடுங்கும். பஞ்சாயத்தில் இரண்டு தடவை சமன் செய்தார்கள். இருபதே நாளில் பழையபடி ஆனது. மண் சரியில்லை என்று காண்ட்ராக்டரைப் போகிற இடமெல்லாம் திட்டினேன்.

ரோட்டோரக் குடிசையில் இருந்த கங்கம்மாளின் வாசலில் மட்டும் நூறடிக்கு அலையே கிடையாது. அங்கே நல்ல மண் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவளுடைய ஆடுகள் நடு ரோட்டில் படுத்திருக்கும். எல்லா வண்டியும் ஊர்ந்துதான் போக வேண்டும்.

"ரோடு நல்லா கீற எடத்துலயும் ஓட்ட வுட மாட்டியா?" என்று கத்தினேன். பஞ்சாயத்துத் தலைவரிடம் சொல்லி ஆடுகளைக் கட்டிப்போட வைத்தேன். பிறகு மற்ற இடங்களைப் போல அந்த நூறடியிலும் எல்லோரும் பறந்தோம்.

இருபதாம் நாள் அவள் வாசலிலும் பஸ் தடதடத்தது. இறங்கிப் பார்த்தால் அதே அலை.

"இன்னாம்மா, இங்க போட்ட நல்ல மண்ணும் இப்டி ஆயிடுச்சு?"

கங்கம்மாள் ஆட்டுக்குத் தழை போட்டபடியே சொன்னாள்: "எல்லா எடத்துலயும் ஒரே மண்ணுதான் நைனா. இங்க மட்டும் நீ மெதுவா போய்க்கினு இருந்த."