பாகம் பிரித்த ஹெட்செட்

காங்கேயத்தில் தம்பிதுரையின் எண்ணெய் மில் வாசலில் ஆளுயர பேனர் ஒன்று நின்றது. அதில் அவர் தலையில் ஹெட்செட் மாட்டி, உள்ளங்கையில் உலக உருண்டையை ஏந்தியிருந்தார். கீழே ‘சர்வதேச ஏற்றுமதிச் செம்மல்’. அவருடைய எண்ணெய் அதுவரை எட்டியிருந்த அயல்தேசம் பாலக்காடு.

அந்த ஹெட்செட் பாகப்பிரிவினையில் வந்தது. தேங்காய்க் களத்தைச் சரிபாதியாக்கி, ஆபீசுக்கு நடுவே சுவர் எழுப்பியபோது, லேப்டாப் தம்பி அருள்குமாருக்கு, ஹெட்செட் அண்ணனுக்கு என்று பெரியமனிதர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்பு ஹெட்செட்டுக்கு எட்டவில்லை. சுவிட்சைப் போட்டதும் சுவரைத் தாண்டிப் பழைய லேப்டாப்பிடமே போய் ஒட்டிக்கொண்டது.

இன்று துபாய்க் கம்பெனியோடு வீடியோவில் பேச்சு. ஆர்டர் கிடைத்தால் பேனர் நிஜமாகும். கிடைக்காவிட்டால் ஊர் பார்க்க நட்டதை ஊர் பார்க்கவே கழற்ற வேண்டும்.

தம்பிதுரை தன் புது லேப்டாப்பில் புளூடூத்தை அணைத்துப் போட்டார். ஹெட்செட் பெயரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தார். ரீஸ்டார்ட் செய்தார். ‘இணைக்க முடியவில்லை’ என்றது திரை.

“அந்தப் பக்கம் புளூடூத்தை ஆஃப் பண்ணுனாத்தானுங்க இங்க வரும்,” என்றாள் ஆபீஸ் பார்க்கும் லோகப்பிரியா. “சின்னவருகிட்டக் கேட்டுட்டு வாரனுங்க.”

“அவங்கிட்டப் போயி நா கை கட்டி நிக்கறதா?”

“லேப்டாப்புலயே மைக் இருக்குதுங்களே?”

“பேனர்ல இருக்கறாப்புலயே உக்காரோணும் அம்மணி!”

கடுப்போடு ஹெட்செட்டைத் தலையில் மாட்டி, மறுபடி சுவிட்சைப் போட்டார். காதுக்குள் ஒரு பெண் குரல்.

“…உங்க அண்ணன் மில்லும் கேட்டிருக்காங்க சார். யாரு எண்ணெய் சுத்தமுன்னு நீங்களே சொல்லுங்க.”

துபாய்க் கம்பெனியின் தாஜுன்னிசா! தம்பி முந்திக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறான். தம்பிதுரைக்கு ரத்தம் தலைக்கேறியது.

“அவன் எண்ணெயில பாதி பாமாயிலுங்கம்மா! வெளக்குல ஊத்துனா சாமியே மூக்கைப் பொத்திக்கும்!”

“யாருங்க பேசறது? திரையில அருள்குமார் சார் வாயே அசையலையே?”

சுவருக்கு அந்தப் பக்கம் லேப்டாப் திடீரென ஊமையாகி, அருள்குமார் அதை முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணனின் கத்தல் சுவர் வழியாகவே வந்தது. மேலே கோட்டும் கீழே லுங்கியுமாகச் சுவரைச் சுற்றி ஓடிவந்தார்.

“ஏனுங்கண்ணா, என்ற யாவாரத்துல பூந்து பேசறீங்களே, வெக்கமா இல்லீங்களா? அந்தப் பாமாயில் டேங்கரு மொதல்ல உங்க மில்லுல எறக்கிப்போட்டுத்தானுங்களே எனக்கு வருது!”

“வந்தா என்னடா? நீ பாதி ஊத்தறே, நா கால்வாசிதான்டா ஊத்தறேன்!”

தம்பிதுரையின் வாயோரம் நீண்டிருந்த மைக் இருவரையும் பாரபட்சமில்லாமல் துபாய்க்கு அனுப்பியது.

“ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க,” என்றார் தாஜுன்னிசா. இணைப்பு அறுந்தது.

அருள்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப்போனார். லேப்டாப்பை அறைந்து மூடும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. அடுத்த நொடி தம்பிதுரையின் திரையில் ‘இணைக்கப்பட்டது’ என்று வந்தது. அதற்குக் கீழேயே துபாயிலிருந்து இன்னொரு வரி: ‘கூட்டம் ரத்து.’

“கனெக்ட் ஆயிருச்சுங்க சார்,” என்றாள் லோகப்பிரியா. பிறகு ஜன்னல் வழியே பேனரைப் பார்த்துவிட்டு, “ஏணி எடுத்தாரச் சொல்லட்டுங்களா?” என்றாள்.