பின் கண்ணாடியில் ஒட்டிய கடைசிப் பக்கம்

அந்த வண்டிப் பட்டறையில் ஒருத்தர் புத்தகத்தை முடிக்கும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை கிடையாது. பழைய கௌபாய் நாவல் ஒன்று கிடைத்தால் பிளேடால் துண்டு துண்டாகப் பிரித்துச் சுற்றுக்கு விட்டுவிடுவார்கள்.

இஞ்சின் வேலை பார்க்கும் பெரியவர் முதலில் அதைச் சீண்டவே இல்லை. குதிரையும் துப்பாக்கியும் சுத்தப் புளுகு என்றார். ஒரு மதியம் பொழுது போகாமல் முதல் துண்டைக் கையிலெடுத்தார். அவ்வளவுதான், மனிதர் அதோடு ஒட்டிக்கொண்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் என்பதால் எல்லாருக்கும் கடைசியாகத்தான் வந்தார். ஊரே கைவிட்ட ஒரு கிழட்டு ஷெரீப், கொலைகாரனை எதிர்கொள்ள நடுத்தெருவில் தனியாக வந்து நிற்கிறான். அந்த இடத்தில் துண்டு முடிந்தது. அன்றைக்குப் பெரியவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கடைசித் துண்டைக் கேட்டால் பெயிண்டர் தலையைச் சொறிந்தான். அவன் பெரியவருக்கு மருமகன். எல்லாரும் படித்து முடித்தாயிற்று என்று நினைத்து, பெயிண்ட் படாமலிருக்க அந்தத் தாள்களை ஒரு வேனின் பின் கண்ணாடியில் ஒட்டி, மேலே சிவப்பும் அடித்துவிட்டான்.

"அந்தக் கிழவன் செத்துட்டான் மாமா. விடுங்க."

"ஒரு கோட் பெயிண்ட் அடிச்சிட்டு ரெண்டுன்னு சொல்ற ஆளு நீங்க, மாப்ளே. நான் கண்ணால பாக்கணும்."

தாளை உரித்தால் ஈரப் பெயிண்ட் பிசிறடிக்கும் என்று மருமகன் கெஞ்சினான். பெரியவர் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சட்டென்று பொறி தட்டியது. பெயிண்ட் வெளிப்பக்கம்தானே? கதவைத் திறந்து உள்ளே தவழ்ந்தார். கண்ணாடி வழியாக எழுத்து பளிச்சென்று தெரிந்தது. கடைசிப் பக்கம் மட்டும் தலைகீழாக ஒட்டியிருந்தது. சீட்டில் மல்லாந்து, தலையைத் தொங்கப்போட்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். வெல்டரும் எலக்ட்ரீஷியனும் அவர் காலை மிதித்துக்கொண்டு உள்ளே ஏறினார்கள்.

"வி...ழுந்...தான்," என்றார்.

"நான்தான் சொன்னேனே," என்றான் மருமகன்.

"சும்மா இருங்க, மாப்ளே. இன்னும் இருக்கு."

விழுந்தவன் புழுதியில் உருண்டான். படுத்தபடியே சுட்டான். எதிரியின் தொப்பி பறந்தது. பெரியவர் சீட்டை ஓங்கிக் குத்தினார்.

"சாகலடா. உருண்டிருக்கான். விழுந்ததைப் பாத்ததும் நம்ம மாப்ள படிக்கிறத நிறுத்திட்டாரு."

அதற்குள் வேனுக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டார். தன் வண்டிக்குள் இத்தனை பேர் மல்லாந்து கிடப்பதைப் பார்த்து, என்ன நடக்கிறது என்று அதட்டினார். யாரும் திரும்பவில்லை. குனிந்து எட்டிப் பார்த்தவர் தலையைச் சாய்த்து நாலு வரி படித்தார். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஏறினார்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க, பெரியவரே," என்றார். "அந்தத் தொப்பி பறந்தவன் என்ன ஆனான்?"