சுத்தியல் தொடாத ஆலயம்

வேதாகமத்தில் வரும் எருசலேம் ராஜா கட்டிய ஆலயத்துக்குப் பிறகு, சுத்தியல் சத்தமே இல்லாமல் இந்தப் பூமியில் எழும்பிய தேவாலயம் ஒன்றே ஒன்றுதான். அது பனமரத்துப்பட்டி ஏரிக்குத் தெற்கே இருக்கிறது. நீளம் இருபத்திரண்டு அடி. அகலத்தையும் சொன்னால் ஒப்பீடு கெட்டுவிடும்.

கட்டியவர் உபதேசியார் ஞானாபரணம். கல் வைத்தவன் ஓமலூர்க் கொத்தன் சடையன். ஆனால் உபதேசியார் இருக்கும் இடத்தில் அதைச் சொல்லக்கூடாது.

ஞானாபரணம் பத்தொன்பது வருஷமாக உபதேசியாராகவே இருந்தார். குருப்பட்டம் கிடைத்துப் பாதிரியாரானால் கறுப்பு அங்கி போடலாம். ஊர் ‘ஐயர்’ என்று கூப்பிடும். மிஷன் துரைக்கு இரண்டு தரம் விண்ணப்பம் எழுதினார். இரண்டு தரமும் ‘பொறுத்திருக்கவும்’ என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. வயது ஐம்பத்தாறாகி, பொறுத்திருக்க அதிகம் மிச்சமில்லாத சமயத்தில், 1931-ல், ஓலைக் கொட்டகையை இடித்துவிட்டுக் கல்லால் ஆலயம் கட்ட மிஷன் உத்தரவாயிற்று.

உடனே துரைக்கு எழுதினார். எருசலேம் ராஜாவின் ஆலயத்தில் எப்படியோ அப்படியே இங்கும், கட்டுகிற இடத்தில் சுத்தியல் சத்தமோ உளிச் சத்தமோ கேட்காது என்று வாக்குக் கொடுத்தார். துரைக்கு மிகவும் சந்தோஷம். பிரதிஷ்டைக்கு நேரில் வருவதாகவும், குருப்பட்ட விஷயத்தை அன்றே தீர்மானிப்பதாகவும் பதில் போட்டார்.

முதல் நாளே, சடையன் கட்டிவைத்த திருஷ்டிப் பொம்மையை உபதேசியார் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தார். அடுத்து அவனுடைய சுத்தியலையும் உளியையும் வாங்கிக்கொண்டு போய்த் தம் வீட்டுப் பெட்டியில் பூட்டினார். இரண்டு மைல் தள்ளியிருந்த கரட்டுப் பாறைக்குன்றிலேயே வேறு ஆட்கள் கல்லைக் கொத்தி அளவாக்கி அனுப்ப வேண்டும். சடையன் அடுக்க மட்டும் வேண்டும். வந்த கல் பொருந்தாவிட்டால் திரும்ப வண்டியேறிக் கரட்டுக்குப் போகவேண்டும். ஒரு மூலைக்கல் ஐந்து தரம் போய்வந்தது. வண்டிக்காரன் ரங்கன் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பேர் வைத்தான். நாலு மாதத்து வேலை பதினொரு மாதம் இழுத்தது.

துரை வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, கல் வேலையில் வாசலுக்கு மேலே கிடக்கவேண்டிய உத்தரக் கல் ஒன்றுதான் பாக்கி. நாலு பேர் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். ஒரு விரற்கடை நீளம் கூடுதல். கீழே இறக்கினார்கள்.

“வண்டியில் ஏற்று” என்றார் உபதேசியார்.

“மாட்டுக்கு லாடம் உளுந்து போச்சுங்க. இனித் திங்கக்கெழமைதானுங்க” என்றான் ரங்கன்.

சடையன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். “பெட்டியத் தொறந்து சுத்தியக் குடுங்க. நாலே அடி.”

“ஏவாளிடம் பாம்பும் இப்படித்தான் நயமாகப் பேசிற்று.”

“உங்க பாம்பு பேசுமுங்களா? எங்கூர்ப் பாம்பு கடிக்க மட்டுந்தானுங்க செய்யும்.”

“இந்தக் கல் விசுவாசத்தினால் நிற்கும்.”

“நிக்கட்டுங்க. நான் வேண்டாங்கலை. உள்ள போகோணுமுல்லங்க மொதல்ல?”

“உன் கை அசுத்தமான கை. அதனால்தான் அளவு தப்பிற்று.”

கூலியாட்கள் சடையனைப் பார்த்தார்கள். அவன் சுவர் நேர் பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்து மடியில் முடிந்துகொண்டான். “அப்பச் சுத்தமான கையி எதுவோ அது வந்து வெக்கட்டுங்க” என்று சொல்லிவிட்டு ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டான். ஆட்களும் பின்னாலேயே போனார்கள்.

பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. உபதேசியார் வீட்டுக்கு வந்து மனைவி சௌந்திரத்திடம் பெட்டிச் சாவி கேட்டார்.

“அடிக்கறதுன்னு ஆன பொறவு சடையனையே அடிக்கச் சொல்றதுதானுங்களே. அவனுக்கு வேலை தெரியும்.”

“அவன் அடித்தால் ஊருக்குத் தெரியும்.”

“நீங்க அடிச்சா?”

“நான் ஜெபத்தோடு அடிப்பேன்.”

சௌந்திரம் சாவியைக் கொடுத்தாள். கூடவே ஒரு பழைய கோணிச் சாக்கையும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். சுத்தியலும் உளியுமாக ஆலயத்துக்குத் திரும்பி, சத்தம் வெளியே போகாதிருக்க, சாக்கை நனைத்து உளியின் தலையிலும் தம் இடது கையிலும் சேர்த்துச் சுற்றிக்கொண்டார். அதன் பிறகு சாக்குக்குள்ளே உளி எங்கே இருக்கிறது, கை எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியவில்லை. கண்ணை மூடி ஜெபித்தார். ஓங்கினார்.

சுத்தியல் சத்தம் கேட்கவில்லை. உபதேசியாரின் சத்தம் ஏரியின் அக்கரை வரை கேட்டது.

ஊர் முழுக்க ஓடிவந்தது. சடையன் மட்டும் நடந்து வந்தான். சாக்கைப் பிரித்தான், நசுங்கிய கட்டைவிரலைப் பார்த்தான், கீழே கிடந்த சுத்தியலையும் உளியையும் எடுத்து, எல்லோர் முன்னிலையிலும் கணீர் கணீரென்று நாலு அடி அடித்தான். ஒரு விரற்கடை கல் உதிர்ந்தது. ஆட்கள் தூக்கினார்கள். உத்தரக் கல் இடத்தில் போய் உட்கார்ந்தது.

“இதுக்கு எதாச்சும் வசனம் இருக்குதுங்களா?” என்று கேட்டான் சடையன். உபதேசியார் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை துரை வந்தார். ஆலயத்தை உள்ளும் புறமும் சுற்றிப் பார்த்துவிட்டு வாசற்படியில் நின்றார். சபையார் நாற்பத்து மூன்று பேரும் எதிரே வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“உபதேசியாரே, ஒரு சுத்தியல் சத்தமும் இங்கே கேட்கவில்லையா?”

“இல்லை, ஐயா.”

நாற்பத்து மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். சௌந்திரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“மெத்த சந்தோஷம்” என்று துரை கைகுலுக்க வந்தபோதுதான் அவர் விரலில் சுற்றியிருந்த மஞ்சள் துணிக் கட்டைக் கண்டார். “உமது விரலுக்கு என்ன?”

“கதவிடுக்கில் நசுங்கிவிட்டது, ஐயா.”

“எந்தக் கதவு?”

“இந்த ஆலயத்துக் கதவுதான், ஐயா.”

துரை திரும்பிப் பார்த்தார். ஆலயத்துக்கு இன்னும் கதவு போட்டிருக்கவில்லை.