ஒரு என்டர் பாக்கி

அவளும் அவள் வீட்டுக்காரரும் ஒரே சர்வர் அறையில்தான் வேலை பார்க்கிறார்கள். ஒருவரையொருவர் பார்ப்பது என்னவோ வாசலில்தான். அவளுக்குப் பகல், அவருக்கு இரவு. சாவி கைமாறும் நேரத்துக்குள் குடும்பம் நடத்தியாக வேண்டும்.

அலுவலகத்தின் கோப்புகளையெல்லாம் அங்கே இரட்டை சர்வர்கள் காக்கின்றன. ஒன்று படுத்தால் மற்றது சுமக்கும். இரண்டையும் புது இயங்குதளத்துக்கு மாற்ற வேண்டிவந்தது. ஒன்றின் பாரத்தை மற்றதன் தலையில் கட்டி, துடைத்து, புதியதை ஏற்றித் திரும்பச் சேர்க்க வேண்டும், பிறகு அடுத்தது. அதற்காக மேனேஜரே இருவரையும் பகலில் போட்டார்.

மத்தியானமே எல்லாம் முடிந்தது. மாடியில் வேலை பார்ப்பவர்கள் ஒருவருக்கும் மாற்றம் நடந்ததே தெரியவில்லை. பழையதற்குத் திரும்ப முடியாமல் பூட்டும் கடைசிக் கட்டளை மட்டும் பாக்கி.

இரண்டு சர்வர்களிலும் அருகருகே எரிந்த பச்சை விளக்குகளைப் பார்த்து, "குடுத்து வச்சதுங்க" என்றாள் அவள்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா? முடிஞ்சா, நாளையிலேருந்து பழையபடி நைட்டுக்கு வந்துடுங்க."

என்டர் பட்டன் மேலிருந்த விரலை அவள் வீட்டுக்காரர் மெல்ல எடுத்தார். "இன்னும் ஒரு நாள் ஓடவிட்டுப் பாக்கணும், சார்."

அவள் சொல்ல வாயெடுத்த அதே பொய்.

"ஒரு நாள் எப்படிப் பத்தும்?" என்று அவள் சீறினாள். "ரெண்டு நாளாவது வேணும், சார்."