சுத்தித் திரிஞ்சனான்

1

இந்தக் கதை நான் பிழையாக மொழிபெயர்த்த ஒரு சொல்லில் இருந்து வந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு தைரியம் வராது.

1996 மார்ச். ரொறன்ரோவில் அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் ஓர் அறை. நான் அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளன். கோரிக்கை வைத்தவரைத் தெய்வநாயகி என்று அழைப்போம். (உண்மைப் பெயர் வேறு. அறைக்குள் கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்து வைத்தவன் நான். அவர் "எழுதுங்கோ" என்று சொன்ன பிறகும் பேனா தயங்குகிறது.) வயது முப்பத்தெட்டு. கணவர் உயிரோடு இல்லை. ஒன்பது வயது மகள் மிதுஷாவைக் கொழும்பில் தங்கையிடம் விட்டுவிட்டுத் தனியே வந்தவர். கோரிக்கையை ஏற்றுக்கொண்டால் மகளைக் கூப்பிடலாம். ஏற்காவிட்டால்

(இந்த வசனத்தை மூன்று தரம் தொடங்கிவிட்டேன். இப்படியே கிடக்கட்டும்.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "ஒசாகா நகரத்தின் மேல் வானம் சாம்பல் நிறத்தில்

வேண்டாம். நான் ஒசாகாவைக் கண்டதில்லை. நான் குடியிருக்கும் மல்வேர்னில் இருந்து பக்கத்து ஊரான பிக்கரிங்குக்குப் போகவே குடையும் பஸ் அட்டவணையும் தேடுகிற ஆள். இனி வரப்போகும் மழை அவர் பிறகு எனக்குச் சொன்ன மழை.

வழியில், பாங்கொக்கில், ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ற் அவருடைய கையில் இன்னொருத்தியின் சிங்கப்பூர் பாஸ்போட்டையும் ஒரு கமராவையும் கொடுத்தான். ஒசாகாவில் விமானம் மாற ஒரு பகல் காத்திருக்க வேண்டும்.

"எயார்போட்டுக்குள்ளையே குந்திக்கொண்டு இருந்தியள் எண்டால் சந்தேகப்படுவாங்கள்," என்றானாம். "ரூறிஸ்ற் மாதிரி வெளியாலை போங்கோ. நாலு இடத்தைப் பாத்துப்போட்டு அஞ்சு மணிக்குள்ளை வந்திடுங்கோ. ஒருத்தரோடையும் கதைக்காதேங்கோ."

கமராவுக்குள் ஃபிலிம் இல்லை. கழுத்தில் தொங்குவதற்கு மட்டும்தான் அது.

3

ரயில் ஏறி நகரத்துக்குப் போனார். இறங்கும்போது, திரும்பி ஏறவேண்டிய மேடையின் எழுத்துகளைப் பலகையில் பார்த்து ஒரு துண்டுக் கடதாசியில் படம் கீறுவதுபோலக் கீறிக்கொண்டார். வெளியே மழை. கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் ஒரு கூட்டம் போனது. அதன் வாலில் சேர்ந்துகொண்டார். அது ஒரு கோட்டைக்குப் போனது.

வாசலில் பொலிஸ்காரன் ஒருவன் நின்றான். தெய்வநாயகி ரயில் நிலையத்தில் எடுத்த சுற்றுலா வரைபடத்தை விரித்து முகத்தை மறைத்தார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தது அவனைக் கடந்த பிறகுதான் தெரிந்தது.

மேலே, மழைக்கோட்டுப் போட்ட ஒரு முதிய யப்பானியப் பெண் கமராவைக் காட்டி, நான் எடுத்துத் தரவா என்று சைகை செய்தார். மறுத்தால் சந்தேகம் வரும். கொடுத்தார்.

"பின்பக்கத்தைத் திறந்திடுவாவோ எண்டு அவவின்ரை விரலையே பாத்தன், அண்ணை. ஆனால் சிரிச்சன். அவவும் கவனமாய் மூண்டு படம் எடுத்துப்போட்டுக் குனிஞ்சு கும்பிட்டா."

(என் மனைவி கௌசி இதுவரை வாசித்துவிட்டு, "உந்த மனுசி இவ்வளவு நிதானமாய் இருந்திருப்பாவோ? நானெண்டால் அதிலேயே விழுந்திருப்பன்," என்றாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. தெய்வநாயகியிடமே கேட்டேன். "விழுந்தால் ஆர் தூக்குறது?" என்றார்.)

நான்கு மணிக்கு நிலையத்துக்குத் திரும்பியபோது கடதாசி ஊறி, மை நீலக் கறையாகிவிட்டிருந்தது. எத்தனையோ மேடைகள். வாய் திறந்து கேட்டால் சிங்கப்பூர்காரி இல்லை என்பது தெரிந்துவிடும். அங்குமிங்கும் நடந்தார். அப்போது சில்லு வைத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு இரண்டு விமானப் பணிப்பெண்கள் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓடினார். அவர்கள் ஏறிய ரயிலில் ஏறினார்.

"ஏறின பிறகுதான் யோசிச்சன். இவையள் வேலை முடிஞ்சு வீட்டை போறவையளாய் இருந்தால்?"

ஒரு மணித்தியாலம் அந்த இருவரின் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாராம். ரயில் கடலைக் கடக்கத் தொடங்கியபோதுதான் மூச்சு வந்தது. விமான நிலையம் கடலுக்குள் இருக்கிறது.

4

இனி என்னுடைய பகுதி.

விசாரணையில் அதிகாரி கேட்டார்: ஒசாகாவில் அந்தப் பகல் முழுவதும் என்ன செய்தீர்கள்?

"சுத்தித் திரிஞ்சனான்," என்றார் தெய்வநாயகி.

நான் 'சைட்சீயிங்' என்று சொன்னேன்.

சொல்லி முடித்த கணமே எனக்குத் தெரியும். சுத்தித் திரிகிறவனுக்குப் போக இடமில்லாமலும் இருக்கலாம். நான் சொன்ன சொல்லில் இருப்பவன் விடுமுறையில் வந்தவன். அதிகாரி நிமிர்ந்தார். உயிருக்குப் பயந்து, பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிற ஒருவர் வழியில் ஊர் பார்க்கப் போவாரா? எடுத்த படங்கள் எங்கே?

"ஃபிலிம் இருக்கேல்லை," என்றார் அவர். அதைச் சரியாக மொழிபெயர்த்தேன். அதிகாரி நெடுநேரம் எழுதினார்.

ஒரு வசனம் போதும்: மன்னிக்கவும், நான் சொன்ன சொல்லைத் திருத்த விரும்புகிறேன். திருத்தினால் பதிவாகும், பதிவானால் என்னை இனிக் கூப்பிடமாட்டார்கள். தண்ணீர் குடித்தேன்.

அறைக்கு வெளியே, நடையில் தெய்வநாயகி கேட்டார், "ஏன் அண்ணை, அவர் ஒருமாதிரிப் பாத்தவர்?"

"ஒண்டுமில்லை," என்றேன்.

5

இந்த இடத்தில் வேறொரு முடிவு எழுதிவைத்திருந்தேன். அதில் நான் எழுந்து நின்று திருத்துகிறேன். நல்ல முடிவு. வாசித்த நண்பர் மரியரட்ணம் கண் கலங்கினார். அதனால்தான் கிழித்தேன். நடந்தது, பதினொரு நாள் சரியாகச் சாப்பிடாமல் திரிந்த பிறகு தெய்வநாயகியின் வழக்கறிஞருக்கு என் பிழையைச் சொல்லி நான் எழுதிய கடிதம். வேறு மொழிபெயர்ப்பாளரோடு இன்னொரு விசாரணைக்கு நாள் கொடுத்தார்கள். என்னைப் பிறகு அவர்கள் கூப்பிடவில்லை.

மல்வேர்ன் கோப்பிக் கடையில் தெய்வநாயகியிடம் நேரில் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். பிறகுதான் அந்தப் பகலை, பாஸ்போட்டில் இருந்து கடல் வரைக்கும், சொன்னார். கடைசியில் குரலைத் தணித்து,

"ஆனால் அண்ணை, நீங்கள் சொன்னது முழுப்பிழையும் இல்லை," என்றார். "அந்தக் கோட்டை மழைக்குள்ளை நல்ல வடிவு. கொஞ்ச நேரம் எல்லாத்தையும் மறந்துபோய்ப் பாத்துக்கொண்டு நிண்டனான். பிள்ளையைக்கூட. அதை அடுத்த விசாரணையிலை சொல்லலாமோ?"

சொல்லாதேங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். பயம்தான். ஆனால் அவருடைய வாயில் இன்னொரு சொல்லை வைக்க எனக்கு என்ன உரிமை? கோப்பியைக் குடித்தேன்.

6

இரண்டாவது விசாரணை முடிந்து ஏழு கிழமை. ஒரு சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது.

"முடிவுக் கடிதம் வந்திருக்கு, அண்ணை. வழக்கறிஞர் லீவிலை. எல்லாம் இங்கிலீசிலை. நீங்கள் வந்து வாசிச்சுச் சொல்லுங்கோ."

"வேறை ஆரையும் கேக்கலாமே?"

"ஏன்? இனி நீங்கள் பிழை விடமாட்டியள்."

போனேன். ஒன்பதாம் மாடி. கதவைத் திறந்தவர் தேநீர் போடவும் இல்லை, இருங்கோ என்று சொல்லவும் இல்லை.

"கோட்டை வடிவெண்டு சொன்னனீங்களோ?" என்று கேட்டேன்.

"சொன்னனான். முழுக்கச் சொன்னனான். அந்த அதிகாரி கேட்டுக்கொண்டே எழுதினவர்."

உறையைப் பிரித்து என்னிடம் நீட்டினார். இரண்டு பக்கம். நான் வாசித்தேன், அவருக்குத் தமிழில் சொன்னேன், ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல். என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு அது.

அதை இங்கே எழுத உட்காரும் ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மாறிவிடுகிறது. என்னை ஆறுதல்படுத்தும் பக்கமாகவே மாறுகிறது. ஆகவே எழுதப்போவதில்லை. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கடிதம் இப்போது உங்கள் கையில். மெதுவாக வாசியுங்கள், அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.